பிரிக்பீல்ட்ஸ் விபூதி

போன வருஷம் தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது, கிள்ளான் ரயில் நிலையத்தில் என் வலது கால் செருப்பு கழன்று விழுந்தது. அது எனக்குத் தெரியவில்லை. வெறுங்காலோடு பிளாட்பாரத்தில் பாதி தூரம் நடந்துவிட்டேன். பின்னால் வந்த மலாய்க்கார அம்மா ஒருவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்து, "காக், செலிப்பார் ஜாத்தோ" என்று மலாயில் சொல்லி நீட்டினார். என் செருப்புதானா என்று குனிந்து பார்த்தேன். எனக்கு நான்கு கால்கள் தெரிந்தன.

அன்று என் விரதத்தின் இருபத்தேழாவது நாள். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே எதைக் குடித்தாலும் வாந்தி. பாதத்தில் முதலில் எறும்பு ஊர்வது போல இருந்தது. பிறகு எரிச்சல். பிறகு ஒன்றுமே இல்லை, மரக்கட்டை. வேலைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினேன். கேட்டைத் திறக்கும்போது முழங்கால் இரண்டும் மடங்கின. எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. எதிர்வீட்டு வசந்தா அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், ஈரத் துணியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

என் பெயர் மாலதி. வயது நாற்பத்தொன்பது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடையில் பதினான்கு வருஷமாக ரெடிமேட் ரவிக்கை விற்கிறேன். வீட்டுக்காரர் குணசேகரன், சரவாக் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. நாலு வாரம் கடல், நாலு வாரம் வீடு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முருகனை நம்பி வாழும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். நம் கோயில் மண்டபத்தில் மைக் பிடித்து, முருகன் எனக்குச் செய்த அற்புதம் என்று ஒன்றைச் சொன்னவள் நான்தான். கேட்ட சிலர் அழுதீர்கள். அன்று நான் சொன்னது பொய்.

பொய் எங்கே தொடங்கியது என்பதைச் சொல்கிறேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் என் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. ரயில் நிலையத்துப் பாலம் ஏறினால் நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குவேன். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, முழங்கால் வலி எல்லாம் குடும்பத்தோடு வந்து குடியேறிவிட்டன. எத்தனையோ டயட் பார்த்தாயிற்று. டாக்டர் இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொன்னார். வீட்டுக்காரர் சரி என்றார். எனக்கு எடையை விட வெட்கம்தான் பெரிய பாரம். என் நாத்தனார் ஒரு கல்யாண வீட்டில் இதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண்ணைக் காட்டி, "வாயக் கட்ட முடியாம வயித்த வெட்டிக்கிட்டா பாரு" என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு மறக்கவே இல்லை.

அதனால் ஒருவரிடமும் சொல்லவில்லை. பழனிக்கு யாத்திரை போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தேன். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் கண்ணை மூடி, "முருகா, உயிரோட எழுந்தேன்னா மூணு வருஷம் உனக்குப் பால்குடம் எடுக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். அந்த வேண்டுதல் மட்டும் உண்மை. உயிரோடு எழுந்தேன். வீட்டுக்காரர் பூச்சோங்கில் ஓர் அறை எடுத்து இரண்டு வாரம் எனக்கு சூப் வைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். ஊருக்குத் திரும்பும் நாளில்தான் பிரசாத ஞாபகம் வந்தது. பழனிக்குப் போனவள் வெறுங்கையோடு வந்தால் யார் நம்புவார்கள்? பிரிக்பீல்ட்ஸில் என் கடைக்கு இரண்டு கடை தள்ளி, பூஜைச் சாமான் கடையில், விபூதிப் பொட்டலம் இருபது வாங்கினேன்.

"வேணாம் மாலதி, சாமி விஷயம்" என்றார் வீட்டுக்காரர்.

"விபூதி எல்லாம் ஒண்ணுதான், சும்மா இருங்க" என்றேன்.

அந்த விபூதியை வீடு வீடாகக் கொடுத்தேன். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். வசந்தா அக்கா கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எடை இறங்கியது. எட்டு மாதத்தில் எழுபத்தாறு கிலோ. கடையில் நாற்பத்தாறு சைஸ் ரவிக்கை போட்டுக்கொண்டு நின்றவள் முப்பத்தெட்டுக்கு வந்தேன். அந்த வருஷத் தைப்பூசத்துக்கு மஞ்சள் சேலை கட்டிப் பால்குடம் எடுத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். என்ன செய்தாய் என்று கேட்டுத் துளைத்தார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கோயில் மகளிர் குழுவில் என்னைப் பேசச் சொன்னார்கள். பழைய நாற்பத்தாறு சைஸ் ரவிக்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு பேசினேன். பழனியில் மனம் உருகி நின்றேன், நாற்பத்தெட்டு நாள் ஒருவேளை விரதம் இருந்தேன், முருகன் என் எடையை எடுத்துக்கொண்டான் என்றேன். கைதட்டினீர்கள். எனக்கு அந்தக் கைதட்டல் பிடித்திருந்தது. மறைத்துப் பயனில்லை, ரொம்பவே பிடித்திருந்தது.

முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டவர் வசந்தா அக்கா. கோயிலுக்குப் பூக்கட்டுபவர். அவர் கட்டிய மல்லிகைச் சரத்தில் பூவுக்கும் பூவுக்கும் நடுவே இடைவெளி ஒரே அளவாக இருக்கும். அவருக்கும் சர்க்கரை, அவருக்கும் எடை. அடுத்த வருஷம் தைப்பூச விரதம் தொடங்கியதும் என்னிடம் வந்து, "நீ செஞ்ச மாதிரியே நானும் ஒருவேளைதான். முருகன் ஒனக்குக் குடுத்தத எனக்குக் குடுக்கமாட்டானா?" என்றார். டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால், நீ கேட்டாயா என்று அவர் திருப்பிக் கேட்பார். பேசாமல் இருந்துவிட்டேன்.

பதினோராம் நாள் காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு எதுவும் சாப்பிடாமல் குளிக்கப் போனவர், மயங்கிக் குளியலறையில் விழுந்தார். வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு சேர்ந்தது, ஆனால் கோணலாகச் சேர்ந்தது. இன்றைக்கும் அந்தக் கையால் அவருக்கு நூலை இழுத்து முடிச்சுப் போட வராது. மாவுக்கட்டோடு இருந்த நாட்களில் நான் தினமும் அவர் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். "என் விரதத்துலதான் ஏதோ கொறை இருந்திருக்கு" என்று அவர் தன்னையே நொந்துகொண்டார். நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

அந்தச் சமயத்திலேயே என் எடை மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது.

வயிற்றைச் சின்னதாக்கினால் சோறு அதிகம் இறங்காது. இரண்டு கவளத்துக்கு மேல் போனால் நெஞ்சை அடைக்கும். ஆனால் இனிப்புத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கும் என்பதைக் கொஞ்ச நாளில் கண்டுபிடித்துவிட்டேன். காலையில் ரயிலை விட்டு இறங்கியதும் கெட்டிப்பால் ஊற்றி ஆற்றிய ஒரு தே தாரேக். கடையில் பதினொரு மணிக்கு ஒன்று. மத்தியானம் சோற்றுக்குப் பதிலாக ஐஸ் மைலோ சாக்லேட் பானம். நாலு மணிக்கு இன்னொரு தே தாரேக், அதில் முக்கி முக்கி அரை டப்பா பிஸ்கட். வடையைச் சாம்பாரில் ஊறப்போட்டால் அதுவும் வழுக்கிக்கொண்டு போகும். ஊர் பார்க்க நான் ஒன்றுமே சாப்பிடாதவள். வீட்டில் கார் நின்றால், பெட்டிக்கடையில் கேரோப்போக் வறுவல் வாங்கிக்கொண்டு போய், கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து தின்பேன்.

ஆபரேஷன் செய்த இடத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவை வரச் சொல்லியிருந்தார்கள். எடை ஏறியதும் போவதை நிறுத்திவிட்டேன். அவர்கள் போன் அடித்தால் எடுக்கமாட்டேன். சாகும்வரை நிறுத்தக்கூடாது என்று சொல்லிக் கொடுத்த விட்டமின் மாத்திரையையும் விட்டுவிட்டேன். எடை பார்க்கும் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மூன்றாம் வருஷம் தீபாவளி வந்தபோது மறுபடியும் நாற்பத்து நான்கு சைஸ் ரவிக்கை. நூற்று மூன்று கிலோ.

மூன்றாவது பால்குடம் பாக்கி இருந்தது. ஊரே பார்க்கும். முருகன் எடுத்துக்கொண்ட எடையை யார் திருப்பிக் கொடுத்தார் என்று கேட்பார்கள். அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. ஊருக்குச் சொன்ன பொய்யை உண்மையாக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். நாற்பத்தெட்டு நாள் விரதத்தை நிஜமாகவே கடுமையாக இருந்தால் எடை தானாக இறங்கும், தைப்பூசத்தன்று மஞ்சள் சேலையில் மெலிந்து நிற்கலாம். சாமிக்கு விரதம் என்றால் யாரும் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கமாட்டார்கள். பசியில் தலை சுற்றினால் பக்தி என்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு தம்ளர் பால், ஒரு வாழைப்பழம். அவ்வளவுதான். பாதியில் பயந்து பழைய விட்டமின் டப்பாவை எடுத்துப் பார்த்தேன். மாத்திரையின் மேலுறை மாட்டிலிருந்து செய்ததாக இருக்கும், விரதத்தில் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூடி வைத்தேன். மூன்று வாரத்தில் ஒன்பது கிலோ குறைந்தது. வாந்தி எடுத்துவிட்டு மெஷினில் ஏறிப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள் நான்.

அதற்குப் பிறகுதான் செருப்பு கழன்றது.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் மலாய்க்கார டாக்டர் என்னைப் பார்த்தார். பொறுமையாகக் கேட்டார். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை நாள் விரதம், குடிக்கும் பழக்கம் உண்டா. வயிற்றை அமுக்கிப் பார்த்தபோது சின்னச் சின்னத் தழும்புகள் அவர் கண்ணில் பட்டன. "புவான், இது என்ன ஓப்ரேஷன்?" என்று மலாயில் கேட்டார். கட்டிலின் அந்தப் பக்கம் என் நாத்தனார். இந்தப் பக்கம் வசந்தா அக்கா, கோணல் கையால் என் நெற்றியைத் தடவிக்கொண்டு. நான் சொன்னேன்: பித்தப்பையில் கல் இருந்தது, எடுத்துவிட்டார்கள். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் கொடுத்த பொய்யை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

தலையை ஸ்கேன் செய்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். காரணம் பிடிபடவில்லை. இரண்டாம் நாள் முழங்காலுக்குக் கீழே ஊசியால் குத்தினாலும் தெரியவில்லை. எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. நாத்தனாரின் பெயர் ஒரு நிமிஷம் மறந்துபோனது. கடலில் இருந்த வீட்டுக்காரருக்கு வசந்தா அக்கா போன் போட்டுக் கொடுத்தார். "கேஸ்ட்ரிக்தான், பயப்படாதீங்க" என்று அவரிடமும் பொய் சொன்னேன். டாக்டர் நாத்தனாரைத் தள்ளிக் கூட்டிப்போய் ஏதோ பேசினார். திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் போர்வையைச் சரிசெய்தார். இனி நடக்கமாட்டேன், அல்லது பிழைக்கமாட்டேன். இரண்டில் ஒன்று என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அப்போது வேண்டினேன். ஆபரேஷன் மேஜைக்குப் பிறகு மனதார வேண்டியது அன்றைக்குத்தான். இடையில் சொன்ன அரோகரா எல்லாம் ஊர் கேட்கச் சொன்னது. "முருகா, எடை வேணாம், மானம் வேணாம். இந்தக் கால மட்டும் திருப்பிக் குடு. என்ன செய்யணும்னு காட்டு, செய்றேன்." திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். அழக்கூட உடம்பில் தண்ணீர் இல்லை.

மூன்றாம் நாள் காலை, பார்வையாளர் நேரம் தொடங்கியதும் வசந்தா அக்கா வந்தார். கைப்பையிலிருந்து மஞ்சள் துணியில் முடிந்த ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். ஒரு கையால் முடிச்சை அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்து அவிழ்த்தார்.

"என்னக்கா அது?" என்றேன்.

"நீ பழனியிலேருந்து கொண்டாந்து குடுத்தியே, அந்த விபூதிலா. தொடவே இல்ல. சாமி அறையில வச்சிருந்தேன். உயிருக்கு ஆபத்துன்னு வந்தா மட்டுந்தான் எடுக்கணும்னு வச்சிருந்தேன். என் கை ஒடைஞ்சப்பகூட எடுக்கல."

என் நெற்றியில் பூசினார். பிறகு போர்வையை விலக்கி, என் இரண்டு பாதத்திலும் பூசினார். குனிந்து, கண்ணை மூடி, உதடு அசைய வேண்டினார். அவர் விரல் என் காலில் பட்டது எனக்குத் தெரியவில்லை. விபூதியின் வாசனை மட்டும் மூக்கில் ஏறியது.

என்ன செய்யவேண்டும் என்று காட்டு என்று கேட்டேன் அல்லவா. காட்டிவிட்டான். நான் விற்ற பொய்யை ஒரு பொட்டலத்தில் மடித்து, அதை நம்பிக் கை உடைந்தவரிடமே கொடுத்து, என் காலடிக்கு அனுப்பியிருந்தான்.

"அக்கா, அது பழனி விபூதி இல்ல."

"என்னா சொல்ற?"

"பிரிக்பீல்ட்ஸ் கடையில வாங்குனது. நான் பழனிக்கே போகல. வயித்த வெட்டி எடுத்துட்டேன்கா. அதுலதான் எளைச்சேன். விரதத்துல இல்ல."

வசந்தா அக்கா நிமிர்ந்தார். விபூதி ஒட்டியிருந்த கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அவர் முகம் இரண்டாகத் தெரிந்தது, இரண்டிலும் ஒரே கேள்வி. "என் கை ஒடைஞ்சப்ப நீ சொல்லியிருக்கலாம்ல?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலில் நின்ற நர்ஸ் பக்கம் திரும்பி, வார்டே திரும்பிப் பார்க்கும்படிக் கத்தினார்.

"மிஸ்ஸி! டாக்டரக் கூப்பிடுங்க! டோக்டர், இனி ஓராங் பெருட் சுடா போத்தோங்!"

இவள் வயிற்றை ஏற்கெனவே வெட்டியாயிற்று என்று அவர் தமக்குத் தெரிந்த மலாயில் சொன்ன அந்த ஒரு வரிதான் எனக்கு உயிர் கொடுத்தது. டாக்டர் ஓடி வந்து என்னிடம் இரண்டே கேள்வி கேட்டார். என்ன ஆபரேஷன், விட்டமின் எடுத்தீர்களா. இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன். அரைமணி நேரத்துக்குள் பி ஒன் என்ற விட்டமினை ஊசியாக நரம்பில் ஏற்றினார்கள். இரைப்பை குறைந்தவர்கள் சாப்பாட்டையும் மாத்திரையையும் விட்டு, வாந்தியும் எடுத்தால் அது உடம்பில் வற்றிப்போகுமாம். கண், நரம்பு, மூளை எல்லாவற்றையும் பிடிக்குமாம். இன்னும் சில நாள் போயிருந்தால் தம் கையில் ஒன்றும் இருந்திருக்காது என்றார் டாக்டர். மறுநாள் மாலை ஜன்னலுக்கு வெளியே ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. ஒரே காகம். அப்போதுதான் அழுதேன்.

வசந்தா அக்கா அன்று காலை போனவர், அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

கண் சீக்கிரம் சரியானது. கால் அப்படியில்லை. ஐந்து மாதம் வாக்கர். நடக்கச் சொல்லிக்கொடுத்தவர் முன்னால் குழந்தைபோல் சுவரைப் பிடித்து நின்றேன். வீட்டுக்காரர் விடுப்பு போட்டு வந்து என்னைக் குளிப்பாட்டினார். ஒரு தடவைகூடக் கோபிக்கவில்லை. ஒரே ஒரு நாள் சோப்பைக் கீழே வைத்துவிட்டு, "எங்கிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நான் போன் எடுக்காமல் ஏமாற்றிய அதே ஆபரேஷன் கிளினிக்குக்கு வாக்கரோடு போனேன். திட்டுவார்கள் என்று பயந்தேன். உணவு ஆலோசகர் ஒரு தமிழ்ப் பெண். என் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "அக்கா, ஆபரேஷன் ஒங்க வயித்தச் சின்னதாக்குச்சு. தே தாரேக் கிளாஸ அது சின்னதாக்காது. எடை திரும்ப ஏறுறது நெறைய பேருக்கு நடக்குது. அதுக்குத்தான் வரச் சொல்றோம், ஒளிஞ்சிக்கிறதுக்கு இல்ல" என்றார்.

சாப்பிடவே மறுபடி கற்றுக்கொண்டேன். சின்னத் தட்டு. முதலில் முட்டை, மீன், கோழி, சைவ நாளில் சோயாவில் செய்த தவ்பூ, தெம்பே, இல்லையென்றால் பருப்பு. பிறகு காய். இடம் இருந்தால் மட்டும் இரண்டு கரண்டி சோறு. மென்று, மெதுவாக. சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது, அரைமணி கழித்துத்தான். பட்டினி கிடையவே கிடையாது. விட்டமினுக்கு மேலுறை இல்லாத மாத்திரையாக மாற்றிக் கொடுத்தார்கள், கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பார்கள். மைலோவை விடுவது சுலபமாக இருந்தது. தே தாரேக்கை விட நான் பட்ட பாடு முருகனுக்குத்தான் தெரியும். பிரிக்பீல்ட்ஸில் டீ ஆற்றும் சத்தம் கேட்டாலே நாக்கில் ஊறும். போன தீபாவளிக்கு வழுக்கினேன். பக்கத்து வீட்டார் கொடுத்த அதிரசத்தைக் காருக்குள் உட்கார்ந்து ஐந்து தின்று, வயிறு பிசைந்து, அங்கேயே வாந்தி எடுத்தேன். மறுநாளே கிளினிக்குக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். என் வாழ்க்கையில் யாரும் கண்டுபிடிக்கும் முன்பே நானாக ஒப்புக்கொண்ட முதல் விஷயம் அந்த அதிரசம்தான்.

அதற்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, கைத்தடியோடு நம் கோயில் மண்டபத்துக்கு வந்து மைக்கைக் கேட்டு வாங்கினேன். ரவிக்கை எதுவும் கொண்டுவரவில்லை. ஆபரேஷன், பழனி, விபூதி, வசந்தா அக்காவின் கை, எல்லாவற்றையும் சொன்னேன். அன்று யாரும் கைதட்டவில்லை. பொட்டலம் வாங்கிய இரண்டு பேர் பாதியிலேயே எழுந்து போனார்கள். "எனக்கு அப்பவே தெரியும்லா" என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. என் நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டார். வசந்தா அக்கா பின்வரிசையில் இருந்தார். நான் அவர் காலில் விழப் போனேன். "குனியாத, விழுந்துருவ" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் அதைக் கேட்க உரிமை உள்ளவள் இல்லை.

இந்த வருஷம் தைப்பூசம் வந்தது. மூன்றாவது பால்குடம் பாக்கி. பட்டினி கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குருக்களிடம் கேட்டேன், "சைவமா சாப்பிட்டு வாம்மா, அவன் ஒன் பட்டினியையா கேட்டான்" என்றார். நாற்பத்தெட்டு நாளும் மூன்று வேளை சைவமாகச் சாப்பிட்டேன். விடியற்காலையில் இருந்தே கோயில் வாசல் முழுக்க மஞ்சள் சேலை. எல்லோரும் வெறும் வயிறு. எனக்கு எட்டு மணிக்கு ஏதாவது சாப்பிட்டாக வேண்டும். டப்பாவில் வேகவைத்த கொண்டைக்கடலையும் தவ்பூவும் இருந்தன. பால்குடம் எடுக்கும் நாளில் சாப்பிடுவதை யார் கண்ணிலும் காட்டக் கூசியது. பழைய புத்தி. காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு டப்பாவைத் திறந்தேன்.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். வசந்தா அக்கா.

"மறுபடியும் ஒளிஞ்சா திங்கிற? எறங்கு."

"அக்கா, எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும். மொதல்ல நான் பாக்கணும். நீ திங்காம இருந்ததப் பாத்துத்தான் நான் கை ஒடைஞ்சேன். இப்ப நீ திங்கிறதப் பாக்குறேன்."

இறங்கினேன். பால்குடங்கள் வரிசையாக வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், அத்தனை பேர் பார்க்க உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒவ்வொரு கடலையாக, மென்று. வெட்கத்தில் காது சுட்டது. வசந்தா அக்கா எதிரில் நின்று கடைசிக் கடலை வரை பார்த்தார். பிறகு தம் கைப்பையைத் திறந்து ஒரு பருப்பு வடையை எடுத்து, என் எதிரிலேயே கடித்தார். "எனக்கும் சர்க்கரை மாத்திரை போடணும்லா" என்றார்.

பால்குடத்தைத் தலையில் ஏற்றும் முன் அவர் மஞ்சள் துணி முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார்.

"அக்கா, அது..."

"தெரியும். பிரிக்பீல்ட்ஸ் விபூதிதான். குனி."

கோயிலைச் சுற்றி ஒரு தடவை நடந்தேன். வீட்டுக்காரர் ஒரு பக்கம், வசந்தா அக்கா மறுபக்கம். இடது காலில் இரண்டு விரல் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது, அது திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடை தொண்ணூற்றொன்று. முப்பத்தெட்டு சைஸ் ரவிக்கையை நான் இனிப் போடப் போவதில்லை. தார் ரோட்டின் சூடு மற்ற எட்டு விரலிலும் சுளீரென்று உறைத்தது. அந்தச் சூட்டுக்கு நான் முருகனுக்குச் சொல்லும் நன்றி இந்த ஜென்மத்தில் தீராது.

உங்களில் யாராவது என்னைப் போல ஆபரேஷன் செய்துகொண்டு, போன எடை திரும்பி வந்து, வீட்டுக்கும் டாக்டருக்கும் சாமிக்கும் ஒளிந்துகொண்டிருந்தால், நான் சொல்வது இதுதான். அவனிடம் கேளுங்கள், வழி காட்டுவான். ஆனால் அவன் காட்டும் வழி நாம் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லும் வழியாகத்தான் இருக்கும், அதற்குத் தயாராக இருங்கள். வெள்ளிக்கிழமை தோறும் பூஜை முடிந்ததும் மண்டபத்தில் செருப்பு வைக்கும் பக்கம் உட்கார்ந்திருப்பேன். வாருங்கள், யாரிடமும் சொல்லமாட்டேன், கிளினிக்குக்கு நானே துணைக்கு வருகிறேன். வெறும் வயிற்றோடு மட்டும் வராதீர்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.